பாறை ஆறும் வரை

அந்த ஆளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. அதை மறைக்க அவர் ஒரு சிரமமும் எடுத்துக்கொள்ளவில்லை. அடி அண்ணாமலையில் மலையை ஒட்டிக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்தவர். நாற்பது வயதிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடை முழுக்க, தினம் நான்கு வேளை தெர்மாமீட்டர் பார்த்து நோட்டில் எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டார் என்பதே அதிகம். "ஆடு ஓட்டிக்கினு எப்படியும் அங்கதான் போறேன். பார்த்து எழுதறேன், போங்க" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நான் டவுனில் தகர வேலை செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். சென்னையில் கணிதத்தில் எம்.பில். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படித்ததில்லை என்பதால் தலைக்கனம் ஜாஸ்தி. இப்போது குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். என் ஆராய்ச்சி இதுதான்: காட்டில் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கூரை போல நிற்கின்றன அல்லவா, அந்த இலைக்கூரைமேல் விழும் வெயில் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது. கூரையை ஐந்து அடுக்காகப் பிரித்துக்கொள்வேன். ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு வெயிலை வாங்குகிறது, எவ்வளவைக் கீழே விடுகிறது, இலையிலிருக்கும் தண்ணீரை ஆவியாக்க எவ்வளவைச் செலவழிக்கிறது என்று தனித்தனிச் சமன்பாடு. அட்டைகளில் துளை போட்டுக் கம்ப்யூட்டர் அறையில் கொடுத்துவிட்டு மறுநாள் போனால் விடை வரும்: வெட்டவெளியில் இவ்வளவு சூடு, மரத்தடியில் இவ்வளவு சூடு. அந்த விடை சரியா என்று பார்க்கத்தான் நிஜக் காடும் நிஜத் தெர்மாமீட்டரும் வேண்டியிருந்தன.

காடு என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். அன்றைக்கு மலை மொட்டையாகத்தான் இருந்தது. புல்லை அறுத்துக் கட்டு கட்டாகக் கொண்டுபோய்விடுவார்கள், மிச்சத்தைக் கோடைத் தீ தின்றுவிடும். மேற்குப் பக்க அடிவாரத்தில் மட்டும் புங்கன், வேம்பு, உசிலை, இலுப்பை என்று கலந்து ஒரு துண்டுக் காடு எப்படியோ தப்பித்து நின்றது. அதற்குள் ஒரு புங்க மரத்தில் ஒரு தெர்மாமீட்டர். காட்டை விட்டு வெளியே வந்து மலைமேல் ஐம்பது அறுபது தப்படி ஏறினால் வெறும் பாறை, அங்கே இன்னொன்று. இரண்டுக்கும் வெயில் நேராகப் படாமல் காற்று மட்டும் புகும்படி அத்தா தகரக் கூடு அடித்து வெள்ளைப் பெயிண்ட் பூசிக் கொடுத்தார்.

இதெல்லாம் வெறும் படிப்புக்காக இருந்திருந்தால் இன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தத் துண்டுக் காட்டை அழித்துவிட்டுத் தைலமரம் நடலாமா என்று ஒரு சர்க்கார் அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்தது. என் பேராசிரியரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "உன் மாடல் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதிக் கொடுக்கப் போறேன்மா. அந்த மரங்க நிலத்தைக் குளுமையா வெச்சிருக்குன்னு கணக்கு சொன்னா விட்டுடுவாங்க. இல்லேன்னா வெட்டிடுவாங்க" என்றார். எனக்கு ஒரே பெருமை. நேராக அடி அண்ணாமலைக்குப் போய் அந்த மனிதரிடம் பீற்றிக்கொண்டேன். இந்த நோட்டுதான் இந்தக் காடு நிற்கணுமா வேண்டாமா என்று சொல்லப்போகிறது, அதனால் ஒழுங்காக எழுதுங்கள் என்றேன்.

அவர் பீடியைக் கீழே தட்டி அணைத்துவிட்டு, "ஏன் பாயம்மா, மரத்தடியில வந்து நின்னா தெரியாதா? நோட்டைப் பார்த்தாத்தான் தெரியுமா?" என்றார்.

அவர் கிணறு அந்தக் காட்டுக்குக் கீழேதான் இருந்தது. காடு போனால் கிணறு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என்னை அப்படிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. படிக்காதவருக்கு என்ன விளக்கிச் சொல்வது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, நோட்டில் நானே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். கட்டங்களின் தலையில் காலை ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பிரிவு: மரத்தடி, பாறை. அவரிடம் கடிகாரம் இல்லை என்பதால் வீட்டிலிருந்த அலாரம் டைம்பீஸைக் கொண்டுவந்து கொடுத்தேன். நான்கு வேளைக்கும் முள்ளைத் திருகி வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். "இதுக்கும் சாவி குடுக்கணுமா?" என்று அலுத்துக்கொண்டே வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை தோறும் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, ஞாயிறு காலையில் செங்கம் ரோட்டில் இறங்கி, மலை சுற்றும் பாதையில் நடந்து போய் நோட்டைப் பார்ப்பேன். ஏழு, எட்டு மணிக்கெல்லாம் பார்த்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவேன். போகும்போதெல்லாம் சண்டைதான். எழுத்து கோணல் என்பேன். "புள்ளையார் சுழி போட்டு எழுதணுமா?" என்பார். ஒரு நாள் நோட்டில் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது. அதற்கு நான் போட்ட கூச்சலில் ஆடுகளே விலகி ஓடின.

ஏப்ரல் முடிவில் உட்கார்ந்து அளவுகளையும் கணக்கையும் ஒத்துப் பார்த்தேன். காலையும் சாயங்காலமும் பொருந்தின. ரெண்டு மணி பொருந்தவேயில்லை. மத்தியானத்தில் பாறைக்கும் மரத்தடிக்கும் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டும் என்று என் சமன்பாடு சொன்னது. நோட்டில் அந்த வித்தியாசம் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி. சில நாள் அதுவும் இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பேராசிரியர், "அளவுதாம்மா உண்மை. மாடலை அதுக்கு ஏத்த மாதிரி மாத்து" என்றார்.

மாற்றினேன். அதுவும் எவ்வளவு சாமர்த்தியமாக என்று நினைத்தால் இப்போதும் என்மேலேயே கோபம் வருகிறது. வறண்ட ஊர் மரங்கள் உச்சி வெயிலில் தண்ணீரை இழக்காமல் இருக்க இலைத் துளைகளை மூடிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். மூடிக்கொண்டால் ஆவி இல்லை. ஆவி இல்லாவிட்டால் குளிர்ச்சியும் இல்லை. சமன்பாட்டில் அந்த ஓர் எண்ணை மட்டும் குறைத்தேன். அப்புறம் எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது. பேராசிரியர் எழுந்து வந்து கை கொடுத்தார். "இந்த மாதிரிக் காட்டுக்கு இதை யாரும் சொன்னதில்லம்மா" என்றார். அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று: மத்தியான வெயிலில் இந்த மரங்களால் குறிப்பிடும்படியான குளிர்ச்சி இல்லை. கீழே என் கையெழுத்தும் இருந்தது. அதை நான் ஆசையாக, நிறுத்தி நிதானமாகப் போட்டேன்.

மே மாதம், அக்கினி நட்சத்திரம். கல்லூரி லீவு. தீஸிஸில் வைக்க ஒரு போட்டோ வேண்டும், ரெண்டு மணி அளவு எடுக்கும்போது எடுத்து வா என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். கேமரா ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணிக்கு அடிவாரத்துக்குப் போனேன். அந்த நேரத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அந்த மனிதர் புங்க மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார். டயர் செருப்பு பக்கத்தில் கிடந்தது. ஆடுகளும் சுற்றிப் படுத்திருந்தன. அலாரம் அடித்தது. எழுந்து, மரத்தில் மாட்டியிருந்த கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, ரெண்டு மணிக் கட்டத்தில் எழுதினார். பிறகு துண்டை உதறிப் போட்டு மறுபடியும் படுத்துவிட்டார்.

"பாறையில இருக்கறதைப் பார்க்கலையாண்ணா?" என்றேன்.

"பார்க்கலாம், இருங்க."

"மணி ரெண்டாச்சே?"

"ஆனா இன்னா? பாறை கொதிக்குது. கால் வெக்க முடியாது. வெயில் தாழ்ந்தப்புறம் போவேன்."

"தினமும் இப்படித்தானா?"

"பின்னே?"

"எத்தனை மணிக்குப் பார்ப்பீங்க?"

"நாலு ஆவும். நாலரைகூட ஆவும். பாறை ஆறணும்ல."

மரத்தடி அளவு ரெண்டு மணிக்கு, பாறை அளவு நாலரை மணிக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்து வித்தியாசம் கம்மி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "செருப்பைப் போட்டுக்கினு போறதுக்கு என்ன கேடு?" என்று கத்தினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலைமேலயா?"

எங்கள் ஊரில் மலைதான் சாமி. அதன்மேல் யாரும் செருப்புக் காலை வைக்க மாட்டார்கள். நாங்களும் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது தானாக வந்துவிடும். அந்த நிமிஷம்கூட என் செருப்பு காட்டின் விளிம்பில்தான் கிடந்தது, கழற்றியது நினைவிலேயே இல்லை. நான் வந்ததெல்லாம் காலை வேளையில். பாறை ஜில்லென்று இருக்கும்.

"அப்ப ரெண்டு மணிக் கட்டத்துல ஏன் எழுதினீங்க?"

"வேற கட்டம் எங்க போட்டுக் குடுத்தீங்க?" என்றார். "கோயில்ல உச்சிகாலப் பூசை இன்னா பன்னெண்டு அடிச்சா நடக்குது? நடக்கறப்ப நடக்கும். அப்பவும் அது உச்சிகாலந்தான்."

அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுதக் கூசுகிறது. படிக்காத ஆள், பொறுப்பில்லாத ஆள், உங்களால் என் படிப்பே பாழாப்போச்சு என்றேன். அவரும் விடவில்லை. "என் கால் வெந்தாத்தான் உங்களுக்கு டிகிரி வருமா? அவ்ளோ அவசரம்னா நீங்க போய்ப் பார்த்துட்டு வர்றதுதானே?" என்றார்.

அந்த வேகத்தில் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஏறினேன். பத்துத் தப்படியில் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. இருபதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டுக்கு முன்னால் நிற்கவே முடியவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தேன். கடைசியில் நோட்டைப் பாறையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டுதான் தெர்மாமீட்டரைப் படித்தேன். நான் மாற்றுவதற்கு முன்பு என் சமன்பாடு என்ன சொன்னதோ, ஏறக்குறைய அதுவே அங்கே இருந்தது. கணக்கு முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தது. அதன் வாயை அடைத்தது நான்தான்.

கீழே வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அளவுகளை வைத்து அறிக்கை போய்விட்டது, மரங்களை வெட்டிவிடுவார்கள் என்றேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "தப்பாப் போச்சுன்னு போய் சொல்லுங்க. உங்க கையெழுத்துதானே, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். அவர் என்னிடம் கோபமில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்கிறேன் என்றேன். அதுவரை அளவு எடுப்பதை நிறுத்தாதீர்கள், பாறையை எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்களோ அதையே எழுதுங்கள் என்று கட்டங்களின் தலையில் எழுதியிருந்த மணிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கொடுத்தேன்.

எட்டு நாள் தொடர்ந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு நானே அந்தப் பாறையில் ஏறினேன். காலில் கொப்புளம். அம்மா கற்றாழையைக் கீறித் தடவிவிட்டு, இந்தப் படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று புலம்பினாள். எட்டு நாளும் அளவு சமன்பாட்டோடு ஒத்துப்போனது. அவற்றை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினேன்.

பேராசிரியர் தாளைப் புரட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எது பொய்? முதல்ல குடுத்ததா, இப்ப குடுக்கறதா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "செருப்பு போடலைங்கறதை நான் எப்படிம்மா ரிப்போர்ட்ல எழுதறது? ஜூலையில உனக்கு வைவா. தீஸிஸே அந்த அளவை வெச்சுத்தான் நிக்குது. திருத்தணும்னா தாராளமா நீயே எழுதிக் குடு, என் அளவு அத்தனையும் தப்புன்னு. அப்பறம் உன் இஷ்டம். நான் இதுல தலையிட மாட்டேன்" என்று கை கழுவிவிட்டார்.

கடிதத்தை அன்று ராத்திரியே எழுதிவிட்டேன். ஒரு பக்கம்தான். அலுவலகத்தின் விலாசமும் எழுதி ஒட்டியாயிற்று. பிறகு அதை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். வெட்டுவதற்கு உத்தரவு வர மாசக்கணக்கில் ஆகும், சர்க்கார் காரியம் எப்போது சீக்கிரம் நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் டிகிரி வரட்டும், டிகிரி இல்லாதவள் சொன்னால் யார் கேட்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஊருக்கு வந்தாலும் அடி அண்ணாமலைப் பக்கம் போகவில்லை. தீஸிஸ் வேலை, நேரமில்லை என்று வீட்டில் சொன்னேன். ஜூன் முழுக்க அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அடித்துணியில் கை படாமல் மேலாக எடுத்தேன்.

வைவாவில், அந்த வாய்மொழிப் பரீட்சையில், இலைத் துளை பற்றித்தான் கேள்விமேல் கேள்வி. தடங்கல் இல்லாமல் பதில் சொன்னேன். அருமை என்றார்கள். அது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் கடிதத்தைத் தபாலில் போட்டேன். சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். வழக்கமாகக் காலையில் போகிறவள், அன்றைக்குக் காத்திருக்க முடியாமல் பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு மத்தியானமே அடி அண்ணாமலைக்குப் போனேன்.

மலையடி வெறிச்சென்று கிடந்தது. அடிமரங்கள் மட்டும் வெள்ளையாக, ஈரம் காயாமல் நின்றன. லாரிச் சக்கரத் தடம் அவர் கிணற்று மேடுவரை போயிருந்தது. புங்க மரம் இருந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, நசுங்கிப்போன தகரக் கூட்டை, உடையாத தெர்மாமீட்டரோடு, கம்பி போட்டு அதில் கட்டி வைத்திருந்தார். அவர் கிணற்றுச் சுவரின் ஓரத்தில் கையகல நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கால் இரண்டிலும் பழந்துணி சுற்றியிருந்தது.

"போன வாரம் வெட்டினாங்க" என்றார். "நாலே நாள். சொல்லிட்டீங்களா?"

"லெட்டர் போட்டுட்டேன்."

"எப்போ?"

தகரக் கூட்டைப் பார்த்தேன். அவர் பார்வையை எடுக்கவில்லை.

"நேத்து" என்றேன். "பரீட்சை முடிஞ்சப்புறம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "பாறை ஆறட்டும்னு இருந்துட்டீங்க" என்றார். திட்டுவது போலக்கூடச் சொல்லவில்லை.

நோட்டையும் டைம்பீஸையும் என் பக்கம் தள்ளிவிட்டார். டைம்பீஸ் ஓடிக்கொண்டிருந்தது, சாவி கொடுத்திருந்தார். நோட்டை அங்கேயே நின்று திறந்தேன். மரம் வெட்டிய நாளிலிருந்து பாறை அளவுக்கு எதிரே அவரே கோணல் எழுத்தில் மணி எழுதியிருந்தார். ரெண்டு. ரெண்டு. ரெண்டு அஞ்சு. ரெண்டு.

"இப்ப மட்டும் எப்படிண்ணா போனீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இங்க நின்னாலும் சுடுது, அங்க போனாலும் சுடுது. எங்க ஒதுங்கி நிக்கச் சொல்றீங்க? அலாரம் அடிச்சதும் ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன்" என்றார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் என் கால் தடம்கூட மங்கலாகத் தெரியும். கடைசிப் பக்கத்தில் மரத்தடி, பாறை இரண்டு பிரிவிலும் ஒரே எண்கள். நேரமும் சரி, அளவும் சரி. அந்தப் பக்கத்தில் ஒரு தப்பும் கிடையாது.